மட்கார்டு கோணலா, வீல் கோணலா?

போன ஆடி மாதம் தம்பி ஒருத்தர் தன் புல்லட்டை என் ஷெட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். பழைய 350. முன் ஃபோர்க் வேறொரு வண்டியில் கழற்றியது. முன் வீல் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மட்கார்டு ஆன்லைனில் வந்தது. மூன்று ஊர் ஆட்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி மூன்றும் ஒரு வண்டியில் சேர்ந்திருந்தன.

"அண்ணா, மட்கார்டு மட்டும் ஒருபக்கமாச் சாஞ்ச மாதிரித் தெரியுதுங். ரெண்டு தட்டுத் தட்டி நேர் பண்ணிக் குடுத்துருங்" என்றார்.

டிங்கர் பட்டறை ஒன்றில் ஏற்கெனவே இரண்டு தடவை தட்டியிருந்தார்கள். கிளாம்பை வளைத்து, போல்ட்டு ஓட்டையை நீள்வட்டமாக்கி, ஒரு பக்கம் மட்டும் மூன்று வாஷர் அடுக்கியிருந்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்வோம். இந்த வண்டியில் நிஜமாகவே கூடம்தான் கோணல். பாவம், ஆடுகிறவளைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மட்கார்டுக்கு அடியில் வீல் இடது பக்கமாக ஒதுங்கி நின்றது. நேராக இருக்கிற மட்கார்டை ஒதுங்கிய வீலுக்கு மேல் வைத்தால் மட்கார்டுதான் சாய்ந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

கஸ்டம் வண்டி கட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடம் இது. அதனால் அடியிலிருந்து சொல்கிறேன். வலது, இடது என்று நான் சொல்வதெல்லாம் சீட்டில் உட்கார்ந்தவரின் வலது, இடது.

நேர் என்றால் எதற்கு நேர்?

மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என்று மூன்று உண்டு. பைக்கில் அவைதான் ஹப், ஸ்போக், ரிம். ஹப்பின் நடுவே ஆக்சில் போகிறது. ஆக்சிலின் இரு முனைகளையும் ஃபோர்க்கின் இரண்டு கால்கள் பிடித்திருக்கின்றன. அந்தக் கால்களின் மேல்பாதியான குரோம் பைப்புகளை மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் கவ்வியிருக்கும். பட்டறையில் அதை டி ஸ்டெம் என்பார்கள். டி ஸ்டெம் கோன் செட் என்கிற பேரிங்கின் மேல் உட்கார்ந்து ஃபிரேமின் கழுத்தில் திரும்புகிறது. மட்கார்டோ ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் நாலு போல்ட்டில் தொங்குகிற ஒரு தகரம். அது தானாக எங்கேயும் நிற்காது, கால்கள் நிற்கிற இடத்தில்தான் நிற்கும்.

ஆகவே வரிசை இப்படி: ஃபிரேம், கோன் செட், டி ஸ்டெம், ஃபோர்க் பைப், ஆக்சில், வீல், கடைசியில் மட்கார்டு. கம்பெனி வண்டியில் இத்தனையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஃபேக்டரியிலேயே அளந்து செய்திருப்பார்கள். நாலு வண்டிப் பாகத்தைச் சேர்த்துக் கட்டும்போது அந்த அளவெடுப்பு நம் தலையில் விழுகிறது. மேலே ஒரு படியில் விட்ட பிழை கீழே வந்து மட்கார்டில்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்காக மட்கார்டைத் தட்டினால் பிழை மறையும், போகாது.

நேர் என்பதற்கு மூன்று அர்த்தம். முன் வீலின் நடு, இரண்டு ஃபோர்க் கால்களுக்கும் சரிநடுவில் இருக்க வேண்டும். முன் வீலும் பின் வீலும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். மட்கார்டின் வளைவு டயரின் வட்டத்தோடு ஒத்து, நடுவும் நடுவும் சேர வேண்டும். மூன்றாவதை முதலில் செய்யப் போகிறவர்கள்தான் டிங்கருக்குக் காசு கொடுக்கிறார்கள்.

முதலில் ஃபோர்க்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் வீலைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று கைக்குத் தெரிந்தால் கோன் செட்டில் ஆட்டம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எடுக்கிற அளவெல்லாம் தண்ணீரில் எழுதியதுதான்.

பிறகு டி ஸ்டெம்மின் மேல்தட்டுக்கு மேலே இரண்டு பைப்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று வெர்னியரில் பாருங்கள். ஒன்று 2 மில்லி இறங்கியிருந்தால் ஆக்சில் சாய்ந்துவிடும், வீலும் சாயும், மட்கார்டும் சாயும்.

பைப் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். ஜன்னல் கண்ணாடிக் கடையில் 5 மில்லி கண்ணாடியில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பைப்புக்கும் முன்னால் அதைச் சாய்த்து அழுத்துங்கள். நாலு முனையும் படிந்து உட்கார்ந்தால் பைப் இரண்டும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஒரு முனை எழும்பி, தட்டினால் கண்ணாடி ஆடினால் முறுக்கு இருக்கிறது. வண்டி ஒரு தடவை விழுந்திருந்தாலே இது வரும். பைப் வளைந்திருக்க வேண்டும் என்பதில்லை, டி ஸ்டெம் பிடிக்குள் வழுக்கித் திரும்பியிருக்கும். மேல், கீழ் கிளாம்ப் போல்ட்டு, ஆக்சில், மட்கார்டு போல்ட்டு எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, முன் வீலை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில் பாரைத் திருப்பினால் பெரும்பாலும் நேராகிவிடும். தளர்த்தும் முன் எஞ்சின் அடியில் முட்டு உறுதியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

அப்படியும் ஆகவில்லை என்றால் பைப்பே வளைந்திருக்கிறது. கழற்றி லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கோவையில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. வி பிளாக்கில் வைத்து, டயல் கேஜ் கொடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். பல ஜப்பான் வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் கேஜ் முள் 0.2 மில்லிக்கு மேல் ஆடினால் பைப்பை மாற்றச் சொல்லியிருக்கும். அழுத்தி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. லேசான வளைவென்றால் யோசிக்கலாம். மடிந்த தடம் தெரிந்தால் நான் அந்தப் பைப்பைத் தொட மாட்டேன்.

அடுத்து வீல்

வீலை ஃபோர்க்கின் நடுவுக்குக் கொண்டுவரும் முன் அது தன்னளவில் வட்டமாக இருக்க வேண்டும். ஃபோர்க் காலில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் நுனியை ரிம்மின் ஓரத்தைத் தொடத் தொட வெட்டிவிட்டு வீலைச் சுற்றுங்கள். பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் அதிலேயே தெரியும். சர்வீஸ் புத்தகங்கள் பொதுவாகத் தருகிற கடைசி வரம்பு 2 மில்லி. நல்ல ஸ்போக் ஆள் கையில் 1 மில்லிக்குள் வந்துவிடும். நீங்களே செய்வதானால் ஒரு ஸ்போக்குக்கு ஒரு தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். வலது பக்க ஸ்போக்கை இறுக்கினால் ரிம் வலது பக்கம் வரும், எதிர்ப்பக்க ஸ்போக்கைத் தளர்த்த மறந்தால் ரிம் முட்டை ஆகும்.

இதற்குள் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. ரிம் ஹப்புக்கு நடுவில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இல்லை, ரிம் ஃபோர்க்குக்கு நடுவில் இருக்க வேண்டும். டிரம் பிரேக் ஹப்பில் ஒரு பக்கம் டிரம்மின் அகலம், மறுபக்கம் சின்ன விளிம்பு. ஹப்பின் நடுவும் ஃபோர்க்கின் நடுவும் ஒன்றாக அமைவது அரிது. அந்த வித்தியாசத்தைக் கம்பெனி ஸ்போக்கின் நீளத்திலும் இழுப்பிலும் சரிசெய்திருக்கும். ஒரு வண்டிக்காகக் கட்டிய வீலை வேறு வண்டி ஃபோர்க்கில் மாட்டினால் அந்தக் கணக்கு உடைகிறது. நம் தம்பியின் புல்லட்டில் நடந்தது அதுதான்.

அளப்பது எப்படி? ஃபோர்க்கின் கீழ்க்கால் வார்ப்பு. ஒரு பக்கம் பிரேக் காதும் மறுபக்கம் வெறுமையுமாக உருவம் மாறும். அதிலிருந்து அளக்காதீர்கள். மேலே இருக்கிற குரோம் பைப் இரண்டும் உருளை, அவற்றை நம்பலாம். பைப்பின் உள்பக்கத்தை ஒட்டி ஒரு நேரான சட்டத்தைக் கீழே நீட்டி, அங்கிருந்து ரிம்மின் ஓரத்துக்கு இரண்டு பக்கமும் அளங்கள். அந்த வண்டியில் இடது பக்கம் 38 மில்லி, வலது பக்கம் 44 மில்லி வந்தது. வித்தியாசம் 6. வீலை எவ்வளவு நகர்த்த வேண்டும்?

புதிதாக வருகிற எல்லோரும் 6 என்பார்கள். 3தான். 3 மில்லி வலது பக்கம் தள்ளினால் இடது 41, வலது 41. வித்தியாசத்தில் பாதி, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். லேத்துக்கார அண்ணன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நூலு அக்கட்டால தள்ளோணும், அவ்வளவுதானுங்களே" என்றார். பட்டறைப் பேச்சில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3 மில்லிக்குக் கொஞ்சம் கூட. திருப்பூர்க்காரரிடம் ஒரு நூல் என்றால் அவர் வேறெதையோ நினைப்பார், அது தனிக் கதை.

தள்ளுவதற்கு இரண்டு வழி. ஸ்போக்கை மறுபடி இழுத்துக் கட்டி ரிம்மையே நகர்த்தலாம். அல்லது ஆக்சிலில் ஹப்புக்கு இரண்டு பக்கமும் வருகிற ஸ்பேசர் வளையங்களை மாற்றலாம்: இடது ஸ்பேசர் 3 மில்லி நீளம் கூட, வலது ஸ்பேசர் 3 மில்லி குறைவு. ஸ்பேசர் வழியில் ஹப்பும் சேர்ந்து நகர்கிறது. டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க்கும் 3 மில்லி நகரும், காலிப்பரையும் அதே அளவு நகர்த்தாவிட்டால் பேடு ஒருபக்கமாகத் தேயும். டிரம் என்றால் பிரேக் தட்டைத் திரும்பாமல் பிடித்திருக்கும் காது, ஃபோர்க் காலின் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் விளையாட்டு வேண்டாம். காது நழுவினால் பிரேக் பிடித்ததும் தட்டு வீலோடு சுற்றி, வீல் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

இரண்டு ஸ்பேசரும் ஹப்பும் சேர்ந்த மொத்த நீளம், ஃபோர்க் கால்களுக்கு இடையே உள்ள அகலத்துக்குச் சமமாக வர வேண்டும். 2 மில்லி குறைந்தாலும் பரவாயில்லை, நட்டை முறுக்கினால் கால்கள் உள்ளே வந்து பிடித்துக்கொள்ளும் என்பார்கள். பிடித்துக்கொள்ளும்தான். கூடவே கால்கள் உள்பக்கம் வளைந்து, பைப் மேலும் கீழும் போகாமல் சிக்கும். ஃபோர்க் குதிக்கவே மாட்டேன் என்கிறது, ஆயில் கெட்டிருக்குமோ என்று ஆயில் மாற்றுகிறவர்களில் பாதிப் பேருக்கு வியாதி ஸ்பேசரில்தான்.

அளவு பார்க்க வாஷர் அடுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். அளவு கிடைத்ததும் வாஷரை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த மொத்த கனத்துக்கு ஒரே துண்டாக ஸ்பேசர் கடைந்துகொள்ளுங்கள். இரண்டு முகமும் துளைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று டர்னரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆக்சில் தடிமன் ஒத்துவராவிட்டால் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. 15 மில்லி ஆக்சில் போகிற பல வீல்களில் 6202 பேரிங் இருக்கும், அதன் வெளிவிட்டம் 35 மில்லி. உங்கள் ஃபோர்க்குக்கு 17 மில்லி ஆக்சில் என்றால் 6003 பேரிங் பாருங்கள். அதற்கும் வெளிவிட்டம் 35தான், உள்துளை 17. ஆனால் அகலம் 11க்குப் பதில் 10, பக்கத்துக்கு அந்த 1 மில்லியை ஸ்பேசர் கணக்கில் சேர்க்க வேண்டும். தாங்கும் பளுவும் கொஞ்சம் குறைவு. ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்கிற குழாயையும் 17 ஆக்சில் போகும்படி மாற்ற வேண்டும். அதே நீளம், ஒரு மயிரிழை குறைந்தாலும் ஆக்சிலை முறுக்கும்போது பேரிங் நசுங்கும். அந்தக் குழாயைப் போடாமலே வீல் கட்டியவரையும் பார்த்திருக்கிறேன். 200 கிலோமீட்டரில் பேரிங் கத்தியது.

மாட்டும்போது ஆக்சில் நட்டை முதலில் முறுக்குங்கள். ஃபோர்க் அடியில் ஆக்சிலைக் கவ்வுகிற பிஞ்ச் போல்ட்டு இருந்தால் அதைத் தளர்வாகவே விட்டு, வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை ஃபோர்க்கை அமுக்குங்கள். கால் தனக்கான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பிறகு பிஞ்ச் போல்ட்டை முறுக்குங்கள்.

நூல் பிடிப்பது

முன்னும் பின்னும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூல் போதும். சென்னிமலைப் பக்கம் தெருவில் நெசவுப் பாவு நீட்டிப் பார்த்தவர்களுக்கு இழுத்துக் கட்டிய நூலைவிட நேரான கோடு கிடையாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பின் டயரின் பின்பக்கத்தில் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்னால் கொண்டுவந்து, முன் வீலுக்கு அப்பால் இரண்டு கல்லில் கட்டுங்கள். ஸ்டாண்டிலும் சைலன்சரிலும் படாத அளவு தாழ்வாக இருக்கட்டும். நூல் பின் டயரின் முன்பக்க ஓரத்தை இரண்டு பக்கமும் தொட்டும் தொடாமலும் உரசுகிற வரை கல்லை நகர்த்துங்கள். அழுத்தினால் நூல் உடைந்து வளையும், அளவு பொய்யாகும்.

பின் டயரின் அகலம் 120, முன் டயரின் அகலம் 90 என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லி வித்தியாசம். எல்லாம் நேராக இருந்தால் முன் டயரின் இரண்டு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் 15 மில்லி இடைவெளி வரும். முதலில் முன் டயரின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் ஒரே இடைவெளி வரும் வரை ஹேண்டிலைத் திருப்பி நிறுத்துங்கள். பிறகு வலதையும் இடதையும் ஒப்பிடுங்கள். ஃபோர்க்குக்குள் வீல் நடுவில் இருந்தும் நூலில் 10, 20 என்று வந்தால், ஒன்று பின் வீலைச் செயின் அட்ஜஸ்டரில் கோணலாக வைத்திருக்கிறீர்கள், அல்லது ஃபிரேம் வளைந்திருக்கிறது. முதலாவது பத்து நிமிட வேலை. இரண்டாவது வீட்டு ஷெட்டில் ஆகாது, ஃபிரேமைப் பிடித்து நிமிர்த்துகிற ஜிக் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

வீல் அளவை மாற்றினால்

நேர்க்கோடு சம்பந்தப்பட்டதில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்து முன்னால் நடந்தால் அது பின்னால் நேராக வரும். பின்னாலிருந்து தள்ளினால் இப்படியும் அப்படியும் திமிறும். முன் வீலும் அப்படித்தான். ஃபிரேம் கழுத்தின் சாய்வைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்தத் தூரத்துக்கு டிரெயில் என்று பேர். அது இருப்பதால்தான் வீல் கயிற்றுக் கன்றுபோல நேராக வருகிறது.

கணக்குக்காகக் கழுத்துச் சாய்வு 27 டிகிரி, கழுத்துக்கும் பைப்புக்கும் இடையே தள்ளல் 50 மில்லி என்று எடுத்துக்கொள்வோம். 90/90-19 டயரின் (அகலம் 90 மில்லி, உயரம் அகலத்தில் 90 சதவீதம், ரிம் 19 அங்குலம்) ஆரம் சுமார் 322 மில்லி. டிரெயில் 108 மில்லி வரும். அதில் 100/90-17 டயர் போட்டால் ஆரம் 306 ஆகிறது, டிரெயில் 100 ஆகிறது. வண்டியின் மூக்கும் 16 மில்லி தாழ்வதால் கழுத்து இன்னும் நிமிர்ந்து, 96க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஹேண்டில் இலேசாகும், வேகத்தில் கொஞ்சம் பதறும். ஆனால் குண்டு டயர் ஆசைக்கு 130/90-16 போட்டால் ஆரம் 320, பழைய டயருக்கு 2 மில்லிதான் வித்தியாசம். டிரெயில் அப்படியே நிற்கும். பக்கத்துக்கு 20 மில்லி அகலம் கூடுகிறது, ஃபோர்க்குக்குள் அது நுழையுமா என்பதுதான் கேள்வி. நான் பார்த்தவரை பாபர் (bobber) என்கிற குண்டு டயர் கஸ்டம் வண்டி கட்டுகிறவர்கள் 16 அங்குலத்தைப் பிடிப்பதில் அழகு மட்டுமில்லை, இந்தக் கணக்கும் இருக்கிறது.

இப்போது மட்கார்டு

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தகரத்தைக் கையில் எடுக்க வேண்டும். அப்போது அது பாதி வேலையைத் தானே செய்துவிடும்.

டயரில் காற்றைச் சரியான அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத டயருக்கு மட்கார்டு பொருத்தியவர் பிறகு காற்றடித்ததும் மூஞ்சி சுருங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இடைவெளிக்கு என்ன வைப்பது? வெளிநாட்டுக் கஸ்டம் ஆட்கள் பழைய செயினை டயர் மேல் போர்த்தி அதன்மேல் மட்கார்டை உட்கார வைப்பார்கள். நம் பக்கம் அதைவிட நல்ல பொருள் தோட்டத்திலேயே கிடக்கிறது: சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிற 16 மில்லி லேட்டரல் குழாய். நசுங்காமல் இருக்க உள்ளே கட்டுக்கம்பி திணித்து, டயரின் மேல் பக்கத்துக்கு இரண்டு துண்டாக, ஓரங்களை ஒட்டிப் போட்டு டேப் ஒட்டுங்கள். மட்கார்டை அதன்மேல் உட்கார வையுங்கள். இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல வந்துவிடும். சாலை வண்டிக்கு 16 மில்லி போதும். கரிசல் காட்டு வழியில் மழைக்கு அப்புறம் போகிற வண்டி என்றால் இரண்டு அடுக்குப் போடுங்கள். கரிசல் சேறு டயரில் அப்பி, ஒரு பர்லாங்கில் மட்கார்டை நிரப்பி வீலையே நிறுத்திவிடும்.

மட்கார்டின் வளைவு டயரோடு ஒத்துவராவிட்டால், நடுவில் 16, இரு முனையிலும் 30 என்று வாயைப் பிளந்து நிற்கும். 19 அங்குல வீலின் மட்கார்டை 17க்குப் போட்டால் இதுதான் நடக்கும். முழு வட்டமும் ஒத்துவராதபோது எந்த முனைக்குச் சலுகை தருவது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வண்டி போகும்போது வீலின் பின்பக்கம் மேலே ஏறுகிறது, மேல்பக்கம் முன்னால் போகிறது. தரையில் டயர் கவ்விய கல், மட்கார்டின் பின் முனையில் நுழைந்து முன் முனையில் வெளியேறும். எனவே இடைவெளி பின்னாலிருந்து முன்னால் வரவர அகலலாம், குறுகக் கூடாது. குறுகினால் கல் நடுவில் மாட்டி, தகரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

குழாய்மேல் உட்கார்ந்திருக்கும் மட்கார்டை டேப் போட்டு நிறுத்திவிட்டுத் தள்ளிப்போய்ப் பாருங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் கண் ஏமாற்றும். பத்தடி தள்ளி, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து, மொபைலில் ஜூம் செய்து ஒரு படம் எடுங்கள். தூரத்தில் நின்று ஜூம் செய்தால் கோணல் மிகைப்படாது. டயரின் நடுப்பள்ளத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, மட்கார்டின் நடுவில் ஒரு கோடு. இரண்டும் ஒன்றானால் அப்போதுதான் கிளாம்புக்கு அளவெடுக்க வேண்டும்.

கிளாம்ப்தான் மட்கார்டைத் தேடிப் போக வேண்டும். மட்கார்டு கிளாம்பைத் தேடி வரக் கூடாது. கிளாம்புக்கும் ஃபோர்க் காலுக்கும் நடுவே 4 மில்லி இடைவெளி இருந்தால் 4 மில்லி ஷிம், அதாவது அடைப்புத் தகடு, வையுங்கள். ஷிம் இல்லாமல் போல்ட்டைப் போட்டு இழுத்தால் ஃபோர்க் கால் மட்கார்டுப் பக்கம் வளைந்து வரும். இரண்டு கால்களையும் இணைத்து, பிரேக் பிடிக்கும்போது தனித்தனியாகத் திமிறாமல் பார்த்துக்கொள்கிற வேலையும் பல வண்டிகளில் மட்கார்டின் அடியில் இருக்கிற இரும்புப் பாலத்துக்கு உண்டு. அழகுக்காக அதை வெட்டி எறிகிறவர்கள், பதிலுக்கு ஒரு தடித்த ஸ்டே கம்பி வைத்தே ஆக வேண்டும்.

போல்ட்டின் தலை, குடை மாதிரி தட்டையானதாக, உள்பக்கம் வர வேண்டும். நட்டு வெளிப்பக்கம், அதுவும் தானாகத் தளராத நைலாக் நட்டு. 16 மில்லி இடைவெளியில் நட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் மரையும் 12 மில்லியைத் தின்றுவிட்டால் டயருக்கு மிச்சம் என்ன? வெல்டிங் வைப்பதென்றால் மட்கார்டிலோ கிளாம்பிலோ வைத்துக்கொள்ளுங்கள், ஃபோர்க் காலில் ஒருபோதும் வேண்டாம். எர்த் கிளிப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். வீல் பேரிங் வழியாகக் கரண்ட் போனால் குண்டுகளில் தழும்பு விழும். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். 18 கேஜ் தகரம், அதாவது 1.2 மில்லி, சூட்டில் அப்பளம் மாதிரி நெளியும். நாலு பக்கமும் மாறி மாறிப் பொட்டு வைத்து, ஆறவிட்டுத் தொடருங்கள்.

மட்கார்டு ஃபோர்க்கின் கீழ்க்காலில் இருந்தால் வீலோடு சேர்ந்து ஏறி இறங்கும், இடைவெளி மாறாது. ஆனால் அது மேலே ஏறும்போது டி ஸ்டெம்மின் கீழ்த்தட்டிலோ ஹாரனிலோ ஃபிரேமின் முன் குழாயிலோ முட்டுமா? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கை முழுசாக அமுக்கிப் பாருங்கள், அல்லது லோடு கட்டுகிற ராட்செட் பெல்ட்டைப் போட்டு இறக்குங்கள். அமுங்கிய நிலையிலேயே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். ஸ்கிராம்ப்ளர் மாதிரி மட்கார்டை டி ஸ்டெம்மில் மேலே தொங்கவிட்டால் கணக்கே வேறு. மட்கார்டு நிற்கும், வீல் மட்டும் ஏறும். ஃபோர்க் ஏறி இறங்குகிற தூரம் 130 மில்லி என்றால் இடைவெளி அதற்கும் மேலே இருக்க வேண்டும்.

இத்தனையும் பெயிண்ட் இல்லாத வெறும் தகரத்தில் செய்து, கழற்றி, பிறகுதான் பெயிண்டுக்குக் கொடுக்க வேண்டும். முதலிலேயே பெயிண்ட் அடித்துவிட்டுப் பிறகு ஓட்டை போடுகிறவர்களைத் தடுக்க என்னால் இதுவரை முடிந்ததில்லை.

கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிச் சலிக்கும்தான். கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, காசு சேர்த்து வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துத்தான் எந்திரம் படித்தார் என்பார்கள். அவருக்கு சர்வீஸ் புத்தகம் பக்கத்தில் இருந்திருக்காது.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அளவை மீறி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ வரலாம். மட்கார்டை மாற்றுவதும் ஃபோர்க்கை மாற்றுவதும் ஒரே தராசில் நிற்காது. பெரிய வேலை என்றால் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது காற்றையும் கணக்கில் எடுங்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று, நேரான வண்டியையும் ஒருபக்கமாகத் தள்ளும். நம் சாலைகளும் நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. இடது பக்கம் போகிற வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுப்பது இயல்பு. அதனால் ஆளில்லாத சமமான லேஅவுட் ரோட்டில், 40 வேகத்தில், ஹேண்டிலை இலேசாகப் பிடித்துப் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். இரண்டு திசையிலும் வண்டியின் ஒரே பக்கமாக இழுத்தால்தான் வண்டியில் குறை. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆக்சில், டி ஸ்டெம், மட்கார்டு போல்ட்டு எல்லாவற்றையும் ஒருக்கா முறுக்கிவிடுங்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் அதற்கப்புறம்.

தம்பியின் வண்டிக்கு வருவோம். ஸ்பேசர் இரண்டும் கடைந்து வந்து, வீல் 41, 41 என்று நடுவில் நின்றது. நூல் பிடித்தோம், சரியாக இருந்தது. மட்கார்டைக் குழாய்மேல் உட்கார வைத்தால் இப்போது அது இடது பக்கம் நெளிந்து நின்றது. இடப்பக்கம் ஒதுங்கிய வீலுக்காகத் தட்டித் தட்டிக் கோணலாக்கியதாயிற்றே. அதே டிங்கர் பட்டறைக்கு மறுபடியும் எடுத்துப் போனோம். டிங்கர் அண்ணன் கையில் வாங்கி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார்.

"போன வாரம் நேராத்தானுங்களே பண்ணிக் குடுத்தேன்?"